நேர்ந்துகொண்ட சர்க்கரை

மூட்டை தூக்குகிற கமாலுதீன் பள்ளிவாசலில் உட்கார்ந்தபடி தொழுதான் என்பதுதான் அந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் பெரிய பேச்சு. தள்ளாத கிழவர்கள் உட்கார்ந்து தொழுவார்கள், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாற்பது வயதுகூட ஆகாதவன், கழுத்து எது தோள் எது என்று தெரியாதபடி உடம்பு இறுகிக் கிடக்கிறவன், பாயில் காலை நீட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினால் பார்க்காமல் இருப்பார்களா? கேட்டவர்களிடம் காலில் முள் தைத்துவிட்டது என்றான். முள் தைத்தவன் செருப்பு மாட்டுவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்க மாட்டான். ராயபுரத்துக்காரர்களுக்கு அந்த அளவு விவரம் உண்டு.

வலி வந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஐப்பசி அடைமழையில் கோதுமைக் கப்பல் ஒன்று வந்து நின்றது. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியும் அரிசித் தட்டுப்பாடு தீராத காலம். அந்தக் கோதுமையைக் கஞ்சியாகக் காய்ச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தோம். இறக்குகிறவர்களுக்கு முகத்தைச் சுளிக்கவும் நேரமில்லை. மழை விட்ட இடைவெளியில் இறக்கி முடிக்க வேண்டும் என்று மேஸ்திரி விரட்டிக்கொண்டே இருந்தான். ஈரப் பலகையில் கமாலுதீனுக்குக் கால் வழுக்கிற்று. மூட்டையை உதறியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் முதுகில் ஏற்றிய மூட்டையை நடுவழியில் கீழே போடுவது அவர்களுக்குள் மானக்கேடு. உடம்பைத் திருகிச் சமாளித்து, மூட்டையை அடுக்கில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கிருஷ்ணப்பன் தோள் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தான்.

கிருஷ்ணப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமாலுதீனின் முதுகுக்கு மூட்டை ஏற்றிவிடுகிற கைகளில் இரண்டு அவனுடையவை. மூட்டை எங்கே உட்கார்ந்தால் கமாலுதீனுக்குச் சுகம் என்பது கமாலுதீனைவிட அவனுக்குத்தான் தெரியும். பக்கத்துப் பக்கத்து வீடு. கமாலுதீனின் பெண்டாட்டி அஜீசாவை அவன் தங்கச்சி என்று கூப்பிடுவான், அதனால் கமாலுதீன் அவனுக்கு மாமு. நோன்பு மாதத்தில் கஞ்சி முதலில் போவது கிருஷ்ணப்பன் வீட்டுக்கு. கமாலுதீனுக்குப் பிள்ளை இல்லை. கிருஷ்ணப்பன் பிள்ளைகள் பாதி நாள் அஜீசா மடியில்தான் தூங்கும். இதெல்லாம் போக, கிருஷ்ணப்பனுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அவன் தாய் வயிற்றிலிருந்து தலைக்கு முன்னால் கால் வெளியே வரப் பிறந்தவன்.

அப்படிப் பிறந்தவன் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று துறைமுகத்தில் சின்னவன் பெரியவன் எல்லோருக்கும் நம்பிக்கை. செவ்வாய், வெள்ளி விடிகாலையில் கிருஷ்ணப்பன் வாசலில் நாலு பேராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து வலது குதிகாலால் மூன்று மிதி. மிதிக்கும்போது பேச மாட்டான். காசு வாங்கினால் பலிக்காது என்று வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொள்வான். திருவொற்றியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அவன் காலடியில் படுத்த ஆபீசுக்காரர்களும் உண்டு. மூட்டை தூக்குகிறவனுக்கு வேறு எங்கே அப்படியொரு மரியாதை கிடைக்கும்?

கமாலுதீனையும் மிதித்தான். இரண்டு நாள் விட்டதுபோல இருந்த வலி, வேலைக்குப் போனதும் திரும்ப வந்தது. இந்த முறை இடுப்போடு நிற்காமல் தொடை வழியாகக் கெண்டைக்காலுக்கு இறங்கியது. மறுபடியும் மிதித்தான். வலி பாதம் வரைக்கும் போனது. அஜீசா பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். மருந்துத் தண்ணீர் கொடுத்து, சில மாதம் பளு தூக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். பளு தூக்காமல் என்ன தின்பது என்பதற்கு அவர்களிடம் மருந்து இல்லை.

வலி வந்த நேரமும் கெட்ட நேரம். அதுவரை கமாலுதீன் வகையறா எல்லாம் அன்றாடக் கூலிகள். காலையில் துறைமுகக் கேட்டு முன்னால் கூட்டமாக நின்று, மேஸ்திரி கை காட்டியவன் உள்ளே போவான். இந்த மாட்டுச்சந்தை வேண்டாம், எங்களை நிரந்தரமாக்கு என்று சங்கம் வைத்து, கொடி பிடித்து, அடிபட்டு, கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. கமாலுதீனும் தொண்டை கட்டுகிற வரை கோஷம் போட்டவன்தான். வென்ற பிறகு கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது. டாக்டர் பார்த்துத் தேறியவனுக்கு மட்டும் நம்பர் அடித்த பித்தளை வில்லை. வில்லை இல்லாதவனுக்கு இனிமேல் கேட்டு திறக்காது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பார், கண்ணைப் பிதுக்குவார், கடைசியில் முட்டி மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடு என்பார் என்று முன்னமே தேறி வந்த வேறு கம்பெனி ஆட்கள் சொன்னார்கள். இவர்களுக்குப் பரிசோதனை பொங்கல் கழித்து.

அதைக் கேட்ட அன்றைக்கு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கமாலுதீன் குனிந்து பார்த்தான். கை முழங்காலைத் தாண்டவில்லை.

அஜீசா கிழிந்த கோணிகளைத் தைக்கிறவள். வண்ணாரப்பேட்டையில் கோணி மண்டி வைத்திருந்த ஞானதுரை கட்டுக் கட்டாக அனுப்பிவைப்பார். கோணியூசியும் சணலுமாக நாள் முழுவதும் தைப்பாள், நாள் முழுவதும் தும்முவாள். அந்த வேலையை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தவள் பின்கட்டில் குடியிருந்த சுகிர்தம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். நாசரேத்துப் பக்கம் சொந்த ஊர், கல்யாணம் ஆகவில்லை. விறைப்பாக நடப்பாள். கண்டிப்பானவள் என்று பெயர். அஜீசாவுக்கு மட்டும் அவளிடம் பயம் கிடையாது. அன்று சாயங்காலம் கோணித் தூசியோடு போய் அவள் வாசலில் உட்கார்ந்தாள்.

"டீச்சரம்மா, உங்க இஸ்கூல் பொண்ணுங்க குனிஞ்சி கால தொட்றாங்களே, அது எத்தினி நாள்ல வரும்?"

"பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்திரும். யாருக்குக் கேக்குத?"

அஜீசா எல்லாவற்றையும் சொன்னாள். சுகிர்தம் எழுந்து போய் அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் நோவு இல்லாத பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறவ, அஜீசா. வைத்தியம் எனக்குத் தெரியாது. இந்த முதுகை வச்சுக்கிட்டு நின்னு குனியவே கூடாது. உக்காந்து செய்யுத ஆசனம் ஒண்ணு இருக்கு. அதையும் வலிக்கு இந்தப் பக்கமே நிறுத்திக்கிடணும். நிறுத்துவாகளா அவுக?"

"நான் நிறுத்தறேன், டீச்சரம்மா."

வேற்று ஆம்பிளையைத் தொட்டுச் சொல்லிக்கொடுக்க சுகிர்தத்தால் முடியாது. கமாலுதீனும் ஒரு பொம்பளை முன்னால் காலை நீட்டி உட்கார மாட்டான். அதனால் அஜீசாவே முதலில் கற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆசனத்துக்கு வடமொழியில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. அஜீசாவின் வாய்க்குள் அது நுழையவில்லை. அவள் 'குந்திகினு குனியறது' என்றே வைத்துக்கொண்டாள்.

வெறும் தரையில் உட்காரக் கூடாது, கோணியை மடித்துப் போட்டு அதன் நுனியில் உட்கார வேண்டும், அப்போதுதான் இடுப்பு முன்னால் சாயும். காலை நீட்டும்போது முட்டி மடங்கினால் மடங்கட்டும், அடியில் துணியைச் சுருட்டி வை. பாதத்துக்கு ஒரு துண்டைச் சுற்றிப்போட்டு அதன் இரண்டு முனையையும் பிடித்துக்கொள். மூச்சை இழுக்கும்போது முதுகு நிமிர வேண்டும். விடும்போது இடுப்பிலிருந்து மெல்லச் சாய வேண்டும். கூன் போட்டுத் தலையைத் தொங்கவிட்டால் அது குனிவதே ஆகாது. மூச்சு முட்டினால் அளவுக்கு மீறிப் போய்விட்டாய் என்று அர்த்தம். காலுக்குள் சுரீரென்று இழுத்தால் அன்றைக்கு அதோடு சரி, எழுந்துவிடு. தூங்கி எழுந்த கையோடு செய்யாதே, சாப்பிட்ட வயிற்றோடும் செய்யாதே. சுகிர்தம் சொல்லச் சொல்ல அஜீசா செய்து பார்த்தாள். செய்து முடித்து எழுந்தபோது, நாள் முழுக்கக் குனிந்து தைத்த தன் முதுகுக்கே சுகமாக இருப்பதைக் கண்டு அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இன்னொண்ணு. இதை மட்டும் மறந்திராத," என்றாள் சுகிர்தம். "முதுகுல அடுத்த ஆளு கை வைக்கக் கூடாது. பின்னால நின்னு அமுக்கி விடுறது சில இடத்துல பழக்கம், நான் பள்ளிக்கூடத்துல விடவே மாட்டேன். உடம்பு போதும்னு சொல்லுதது உள்ள இருக்கிறவனுக்குத்தான் கேக்கும். அமுக்குதவனுக்கு அது கேக்காது, கேட்டியா."

கிருஷ்ணப்பனிடம் இதைச் சொல்லுகிற வேலையும் அஜீசாவுக்கு வந்தது. இனிமேல் மிதிக்க வேண்டாம் அண்ணாத்தே என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவன் வெற்றிலையை மென்றுகொண்டு போனான். இரண்டு நாள் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது நாள் ஒரு வஞ்சிரத் தலையோடு வந்து, குழம்பு வை தங்கச்சி, புளி கம்மியாய்ப் போடு என்று சொல்லிவிட்டு, கமாலுதீன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வாசல் செய்திகளைச் சொல்ல ஆரம்பித்தான். கோபம் போயிற்று. மனத்தாங்கல் போயிற்றா என்பது எங்களுக்குத் தெரியாது.

கமாலுதீன் லேசில் வசப்படவில்லை.

"இன்னா மே இது, மூட்ட தூக்கறவன துண்ட குடுத்து குந்த வெச்சிகீறே. கேங்கு ஆளுங்க பாத்தா சிரிச்சே செத்துடுவானுங்க."

"சிரிக்கட்டும். நீ மூச்ச வுடு."

இதுதான் தினமும் நடந்தது. பத்து மணிச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு அவள் ஊசியைக் கோணியில் குத்திவிட்டு எழுந்து கதவைச் சாத்துவாள். வெளியே ரயில் பெட்டிகளை மோதவிட்டு இழுக்கிற சத்தம், சுவரிடுக்கு வழியாக வந்து படிகிற கரித்தூள், உள்ளே அவன் மூச்சு. துண்டை இழுத்து இன்னும் கொஞ்சம் இறங்கப் பார்ப்பான். அவள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். புருவம் சுருங்கியதும் துண்டைக் கையிலிருந்து பிடுங்கிவிடுவாள். கஞ்சிக்கு உப்புப் போட மறந்தாலும் இதை மறக்கவில்லை. நாள் முழுக்க மூட்டையோடு ஓடியே பழகியவனுக்குக் கொஞ்சமாகச் செய்வது என்பதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவள் தர்காவில் நேர்ந்துகொண்டது. வில்லை கிடைக்க வேண்டும் என்று கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அது கம்பெனிக்காரன் கொடுக்கிறது, அதற்கு அங்கே அடங்கியிருக்கிற அவுலியாவை ஏன் தொந்தரவு செய்வது? மச்சான் கை அவர் கால்விரலைத் தொட்டுவிட்டால் தெரு முழுவதற்கும் சர்க்கரை ஓதிக் கொடுக்கிறேன் என்று மட்டும் நேர்ந்துகொண்டாள். வந்து கமாலுதீனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். கால்ல அழுக்கு கீது மே, மொதல்ல தேச்சி வுடு என்றான்.

மார்கழி பிறந்தபோது கை கணுக்காலுக்கு வந்துவிட்டது. காலுக்குள் இறங்குகிற வலி தொடையோடு நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எழுந்து நின்று, முழங்காலில் கைவைத்துக் குனிந்தான். முழுக்குனிவு இல்லை, ஆனாலும் குனிவுதான். பின்வரிசையில் நின்றவர்கள் தொழுகை முடிந்ததும் அவன் தோளைத் தட்டினார்கள். வீட்டில் அஜீசா அன்றைக்குக் கடனுக்கு அரிசி வாங்கிச் சோறு பொங்கினாள். சுகிர்தத்துக்கு ஒரு கிண்ணம் நண்டுக் குழம்பு போயிற்று. இன்னும் கையளவுதான் பாக்கி, பொங்கலுக்கு நாள் இருக்கிறது, அவசரப்படுத்தாதே என்று சுகிர்தம் சொல்லி அனுப்பினாள்.

பொங்கலுக்கு நாள் இருந்தது. டாக்டருக்குத்தான் இல்லை. அவர் ஊருக்குப் போகிறாராம், அதனால் நாளைக்கே எல்லோரையும் பார்த்து முடித்துவிடப் போகிறாராம் என்று ஒரு காலையில் கேட்டில் எழுதிப் போட்டுவிட்டார்கள். கிருஷ்ணப்பன் வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தான். அஜீசா வீட்டில் இல்லை. தைத்த கோணிகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வண்ணாரப்பேட்டை மண்டிக்குப் போயிருந்தாள்.

சேதியைக் கேட்டதும் கமாலுதீன் கோணியை மடித்துப் போட்டு உட்கார்ந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணப்பன் பெண்சாதி பச்சையம்மாவின் காதில் எல்லாம் விழுந்தது. அவள் கேட்டதையும் பிறகு கமாலுதீன் சொன்னதையும் வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும். துண்டைப் பிடித்து இறங்கினான். கையளவு பாக்கி நின்றது. மறுபடி இறங்கினான். அப்படியே நின்றது.

"இத்தினிதான்டா பாக்கி. இத்தினி மட்டும் எறக்கி வுட்டுடு," என்றான்.

"தங்கச்சி வேணான்னுகீது மாமு."

"நாளிக்கி டாக்டரு முன்னாடி குனியப் போறது தங்கச்சியா? எத்தினி பேரு இடுப்ப எட்த்து வுட்டுகீது உன் காலு. என் இடுப்புக்கு மட்டும் ஆவாதா?"

கிருஷ்ணப்பன் வாயிலிருந்த வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்தான். யோசித்தானா, அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தானா, யார் கண்டது? நண்பன் கேட்டுவிட்டான். நண்பன் கேட்டது அவன் காலை. கைகளால் தோளை அமுக்கிப் பார்த்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து குனிந்திருந்தவன் இடுப்பில் குதிகாலை வைத்தான். வழக்கம்போல அவன் பேசவில்லை. முதல் மிதியில் கமாலுதீன் முனகினான், நிறுத்தாதே என்றும் சொன்னான். இரண்டாவது மிதியில் கோணித் தையல் பிரிகிறதுபோல ஒரு சத்தம் கேட்டது. மூன்றாவது மிதி நடக்கவில்லை.

கமாலுதீன் கத்தவில்லை. பக்கவாட்டில் சரிந்தவன், கண்ணைத் திறந்து, "டேய், என் காலு எங்கடா?" என்று கேட்டான்.

அஜீசா திரும்பி வந்தபோது வாசலில் நாங்கள் எல்லோரும் நின்றோம். எங்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனவள் முதலில் பார்த்தது, இடம் மாறிக் கிடந்த கோணியை. அவள் எதுவும் கேட்பதற்கு முன்னால் கிருஷ்ணப்பன், நான்தான் தங்கச்சி என்றான். கீழே கிடந்த கமாலுதீன், நான்தான் சொன்னேன், அவன ஒண்ணும் சொல்லாத என்றான். அவள் இரண்டு பேரையும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து கிருஷ்ணப்பனை அவள் அண்ணாத்தே என்று கூப்பிடவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் முதுகெலும்புக்குள் நரம்பு நசுங்கிவிட்டது என்றார்கள். இடுப்புக்குக் கீழே திரும்ப வராது என்பதை முதலில் சுற்றி வளைத்தும் பிறகு நேராகவும் சொன்னார்கள். மறுநாள் காலையில் கிருஷ்ணப்பன் டாக்டரிடம் போகவில்லை, ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்திருந்தான். அஜீசாதான் அவன் முகத்தைப் பார்க்காமல், ரெண்டு வூட்டு அடுப்பும் அணையணுமா என்று கேட்டு விரட்டினாள். கடைசி ஆளாகப் போய் நின்றான். டாக்டர் குனி என்றதும் குனிந்தான். விரல் தரையைத் தொட்டது. குனிந்தபடியே அழுதான். டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டாராம். இல்லை என்றானாம். வில்லை கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் செவ்வாய், வெள்ளிகளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். நான் கால் முன்னால் வரப் பிறந்தவன் இல்லை, எல்லோரையும்போலத் தலை முன்னால் வரத்தான் பிறந்தேன், அம்மா விளையாட்டுக்குச் சொன்னதை ஊர் நம்பிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். பொய் என்று எங்களுக்குத் தெரியும். பிரசவம் பார்த்தவள் எங்கள் தெருவில்தான் இருந்தாள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

கமாலுதீனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, தினமும் விடிகாலையில் வேலைக்குப் போகுமுன் கிருஷ்ணப்பன் வருவான். கமாலுதீனை முதுகில் ஏற்றிப் பின்பக்கம் கொண்டுபோய், கழுவிவிட்டு, திரும்ப வாசல் நிழலில் உட்காரவைத்துவிட்டுப் போவான். அஜீசா அந்த நேரம் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். கமாலுதீன்தான் பேசுவான். "நல்லா புட்ச்சிக்கடா, நடுவுல போட்டா நமக்குத்தான் மானக்கேடு" என்பான். கிருஷ்ணப்பன் ஒருநாளும் சிரித்ததில்லை.

சுகிர்தம் இளைத்துப்போனாள். நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று அஜீசாவிடம் வந்து அழுதாள். கண்டிப்பான டீச்சர் அழுவதை எங்கள் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. நீங்க சொன்ன வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டீச்சரம்மா என்று அஜீசாதான் அவளுக்கு ஆறுதல் சொன்னாள். பிறகு மாட்டேன் மாட்டேன் என்றவளை வற்புறுத்தி, உணர்ச்சி இல்லாத காலை மூட்டு இறுகாமல் எப்படி மடக்கி நீட்டுவது என்று ஆஸ்பத்திரி நர்சிடம் கேட்டுவரச் சொன்னாள். சுகிர்தம் கேட்டுவந்து சொன்னாள்.

"முன்னயாவது வலி வந்து போதும்னு சொல்லும். இப்ப அது வராது. நீதான் பாத்து நிறுத்தணும், அஜீசா."

வெயில் காலம் வந்தது. கோணியை மடித்துப் போட்டு அவனை அதில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் கோணிக் கட்டு ஒன்றை அண்டைகொடுத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து தைப்பாள். ஒரு சாயங்காலம், கடற்காற்று இறங்குகிற நேரம். அவள் கடைசிக் கோணியின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மே, இங்க பாரு."

திரும்பினாள். அவன் முன்னால் சாய்ந்திருந்தான். துண்டு இல்லை. இத்தனை மாதம் கயிறுபோல இறுகி அவனைத் தடுத்துக்கொண்டிருந்த காலில் இப்போது ஒரு தடையும் இல்லை. உடம்பு மடிந்து இறங்கியிருந்தது. இரண்டு கைகளும் இரண்டு கட்டைவிரல்களையும் பிடித்துக்கொண்டிருந்தன.

அவள் போதும் மச்சான், நிமிந்துக்க என்று தோளைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினாள். அவன் முகத்தில் வலி இல்லை. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"வெரலு கைக்கு ஆப்டுச்சு மே," என்றான். "கைதான் தொட்டுகினு கீதுன்னு காலுக்குத் தெர்ல."

அவள் ஊசியை எடுத்துக் கோணியில் குத்தினாள்.

"சக்கர வாங்கியா."

"அது இதுக்கு நேந்துகினது இல்ல மச்சான்."

"இன்னான்னு நேந்துகினே? கை கால தொடணும்னுதான? தொட்டுச்சு. அவுலியாகிட்ட பாக்கி வெக்காத."

கையிலிருந்த கோணியைத் தைத்து முடித்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். சர்க்கரையைக் கிண்ணத்தில் போட்டு, ஊதுவத்தி ஏற்றி, அவளே பாத்திஹா ஓதினாள்.  கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டோம்.

கிருஷ்ணப்பன் அப்போதுதான் வேலை முடிந்து தெருவுக்குள் வந்துகொண்டிருந்தான். மயிரெல்லாம் கோதுமைத் தூசி, சட்டையில் வில்லை. அவனைக் கண்டால் உள்ளே போய்விடுகிறவள் அன்றைக்குப் போகவில்லை. நேராக அவன் முன்னால் வந்து நின்று கிண்ணத்தை நீட்டினாள். அவன் தூசிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏந்தினான். அவள் அள்ளிப் போட்டாள்.

"இன்னாத்துக்கு தங்கச்சி சக்கர?" என்று பயந்துகொண்டே கேட்டான்.

"மச்சான் கால தொட்டுட்டாரு, அண்ணாத்தே."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். ஓதிய சர்க்கரையைக் கீழே சிந்தக் கூடாது. கிருஷ்ணப்பன் அதை வாயிலும் போட முடியாமல் ஏந்திய கையோடு இருட்டுகிற வரைக்கும் தெருவில் நின்றான்.